வெயில் பார்த்துப் படம் எடுங்கள்: வீட்டுத் தோட்டப் புகைப்படத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நேரில் பார்க்கும்போது அழகாக இருக்கும் தோட்டம் படத்தில் குப்பையாகத் தெரிந்தால் உடனே கேமராவின்மேல் பழி விழும். பெரும்பாலும் கேமரா செய்த தப்பு எதுவும் இருக்காது. மரநிழலில் சிதறிக் கிடக்கும் வெயிலை நம் கண் தானாகவே சரிசெய்து பார்த்துக்கொள்கிறது. கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. வெயில் படும் இதழ் வெள்ளைத் திட்டாகிவிடும், பக்கத்து இலை கரித்துண்டாகிவிடும். ஆகவே எதைப் படம் எடுப்பது என்பதற்கு முன், எந்த வெளிச்சத்தில் எடுப்பது என்று முடிவாக வேண்டும். விலை உயர்ந்த லென்ஸைவிட இது அதிகம் உதவும். கீழே உள்ளதில் பெரும்பகுதி போன் கேமராவுக்கும் பொருந்தும். அப்பர்ச்சர் எண்கள் (லென்ஸின் ஒளித் துளை அளவைச் சொல்லும் எஃப்/8 போன்றவை) வரும் இடங்கள் மட்டும் லென்ஸ் மாற்றும் கேமராக்களுக்கானவை.

முதல் வேலை: தோட்டத்தின் வெளிச்சப் படம்

ஒரு தாளில் தோட்டத்தின் எல்லை, வீடு, மதில், பெரிய மரங்கள், உட்காரும் இடம், முக்கியமான செடிகள் எல்லாவற்றையும் தோராயமாக வரையுங்கள். கிழக்கு எது என்று குறியுங்கள். மேகமில்லாத ஒரு நாளில் காலை முதல் மாலை வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வெயில் விழும் பகுதியை ஒவ்வொரு வேளைக்கும் ஒரு நிறத்தில் கோடிட்டுக் காட்டுங்கள். கூடவே ஒரே இடத்திலிருந்து போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

மாலையில் தாளைப் பார்த்தால் மூன்று விஷயம் தெளிவாகும். எந்தச் செடிக்கு எப்போது சாய்ந்த வெயில் கிடைக்கிறது, எந்த நேரத்தில் செடிமேல் வெயிலும் அதன் பின்னால் நிழலும் இருக்கின்றன, எந்த மூலைக்கு நேர் வெயிலே வருவதில்லை. இரண்டாவதுதான் தங்கம். பின்னால் இருண்ட பின்னணி அமைந்துவிட்டால் சாதாரணப் புல்கூட எடுப்பாகத் தெரியும்.

இந்தத் தாள் வருடம் முழுக்கச் செல்லாது. சூரியன் நேர் கிழக்கில் உதிப்பது வருடத்தில் இரண்டே சமயம், மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி. நிலநடுக்கோட்டில் அது வடக்கே 23 டிகிரி, தெற்கே 23 டிகிரி என நகர்ந்து உதிக்கும். 40 டிகிரி அட்சரேகையில் இந்த நகர்வு பக்கத்துக்கு 31 டிகிரி ஆகிவிடும். ஜூனில் மதிலுக்கு மேலாக வந்த காலை வெயில் டிசம்பரில் வீட்டுக்குப் பின்னால் மறைந்துபோவது இதனால்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வரைவது நல்லது.

மஞ்சள் வெயில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதும் இடத்தைப் பொறுத்தது. நிலநடுக்கோட்டுப் பக்கம் சூரியன் செங்குத்தாக இறங்குவதால், அடிவானத்துக்கு மேல் உள்ள கடைசி 6 டிகிரியைச் சுமார் 25 நிமிடத்தில் கடந்துவிடும். 50 டிகிரி அட்சரேகையில் சுமார் 40 நிமிடம், கோடையிலும் குளிர்காலத்திலும் இன்னும் சற்று அதிகம். அளக்கக் கருவி வேண்டாம். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையே ஒரு முஷ்டி இடைவெளி வந்ததும் வெளியே வந்துவிடுங்கள். மதிலோ மரமோ அடிவானத்தை மறைத்தால் உங்கள் தோட்டத்துக்கு அந்தி சீக்கிரமே வந்துவிடும். வெளிச்சப் படம் வரைந்தவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்கும்.

எந்த வெளிச்சம் எதற்கு

முன்னொளி, அதாவது சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருப்பது. நிறங்கள் பளிச்சென்று வரும், ஆனால் நிழல்கள் எல்லாம் செடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதால் படம் தட்டையாகும். செடியை அடையாளம் காட்டும் படத்துக்கு இது போதும்.

பக்கவெளிச்சம் தோட்டத்தின் முழுத் தோற்றத்துக்கானது. ஒவ்வொரு செடியின் ஒரு பக்கம் வெளிச்சமாகவும் மறுபக்கம் நிழலாகவும் இருக்கும்போதுதான் எது முன்னால், எது பின்னால் என்பது படத்தில் புரியும். மரப்பட்டை, கல், புல்தரை ஆகியவற்றின் சொரசொரப்பும் இதில்தான் தெரியும்.

பின்னொளி மெல்லிய இலைகளுக்கும் இதழ்களுக்கும் உரியது. அதைத் தனியாகப் பார்ப்போம்.

மேகம் மூடிய வானம் பூக்களின் நெருக்கப் படத்துக்கு மிக நல்லது, அகலக் காட்சிக்கு அவ்வளவு சரிப்படாது. அப்படிப்பட்ட நாளில் வானத்தைப் படத்தில் சேர்க்காதீர்கள். மேலே வெறும் வெள்ளைப் பட்டைதான் விழும்.

உச்சி வெயிலும் புள்ளி வெயிலும்

மரத்தடியில் வட்ட வட்டமாக விழும் வெயிலைக் கவனித்திருப்பீர்கள். இலை இடுக்குகள் எந்த வடிவில் இருந்தாலும் தரையில் விழுவது வட்டம்தான். ஒவ்வொன்றும் சூரியனின் சிறு பிம்பம். 3 மீட்டர் உயரத்தில் உள்ள சிறிய இடுக்கிலிருந்து வந்தால் வட்டம் சுமார் 3 செ.மீ. அகலம் இருக்கும். பார்க்க ரம்மியமாக இருந்தாலும் படத்துக்கு இதைவிடப் பெரிய தொல்லை வேறில்லை. திறந்த நிழலில் (மேலே வானம் தெரியும் நிழலில்) உள்ள வெளிச்சம் நேர் வெயிலில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). அடர்ந்த புதருக்குள் 4, 5 ஸ்டாப்கூடக் குறையும். அதோடு இதழின் வெண்மையும் இலையின் கருமையும் சேர்ந்தால், ஜேபெக் கோப்பு தாங்கும் எல்லையை அந்தக் காட்சி தாண்டிவிடும். அகலக் காட்சிக்கு இதில் உருப்படியான வைத்தியம் இல்லை. வேறு நேரத்தில் எடுங்கள். ஒரு பூ, ஒரு கொத்து என்றால் வழி உண்டு:

1. 60 முதல் 80 செ.மீ. சட்டத்தில் மெல்லிய வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டுங்கள். துணி துளிகூடப் பழுப்பாக இருக்கக் கூடாது, இருந்தால் அந்த நிறம் பூவில் ஏறும்.

2. சூரியனுக்கும் பூவுக்கும் நடுவே, பூவிலிருந்து 30 முதல் 40 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். நிழலின் ஓரம் மறைந்து மெத்தென்ற வெளிச்சம் வரும். 1 அல்லது 2 ஸ்டாப் ஒளி குறையும்.

3. உடனே பின்னணியைப் பாருங்கள். பூ மட்டும் நிழலுக்கு வந்து பின்னால் வெயில் அப்படியே இருந்தால், பின்னணி முன்பைவிட வெளுத்துத் தெரியும். இந்த வேலையில் சொதப்பல் நடப்பது பெரும்பாலும் இங்கேதான். முதலிலேயே நிழலில் இருக்கும் பின்னணி அமையும்படி கோணத்தை மாற்றுங்கள், அல்லது இன்னொருவரைப் பின்னால் நிறுத்தி அவர் நிழல் அங்கே விழும்படி செய்யுங்கள்.

4. நிழல் பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை, ஒளியைத் திருப்பி அனுப்பும் ரிஃப்ளெக்டராக வையுங்கள். ஒற்றைப் பூவுக்கு எழுதுதாள் ஒன்றே போதும். அலுமினிய ஃபாயில் கண்ணாடி மாதிரி கூர்மையான கீற்றுகளை வீசும். அதைக் கசக்கி விரித்து அட்டையில் ஒட்டினால் ஓரளவு பயன்படும்.

நீங்கள் போட்டிருக்கும் சட்டையும் ஒரு ரிஃப்ளெக்டர்தான். சிவப்புச் சட்டையோடு வெள்ளைப் பூவின்மேல் குனிந்தால் இதழில் சிவப்புச் சாயல் விழும். வெள்ளையோ சாம்பலோ போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

எக்ஸ்போஷர்: வெள்ளைப் பூ, சிவப்புப் பூ

கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். வெள்ளைப் பூ ஃபிரேமை நிறைத்தால் படம் மங்கிவிடும், எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பில்) +2/3 முதல் +1 வரை கூட்டுங்கள். அதே பூ கரும்பச்சைப் புதரின் நடுவே சின்னதாக இருந்தால் கதை தலைகீழ். புதரைப் பார்த்து மீட்டர் ஒளியைக் கூட்டிவிடும், பூ வெளுத்துப்போகும். அங்கே -2/3 முதல் -1 வரை குறைக்க வேண்டும். 'வெள்ளை என்றால் கூட்டு' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இரண்டாவது இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சிவப்பு இன்னும் தந்திரமானது. செம்பருத்தி, சிவப்பு ரோஜா போன்றவை படத்தில் நரம்பும் மடிப்பும் இல்லாத ஒரே சிவப்புத் திட்டாக வருவது ஏன்? மொத்த வெளிச்சம் சரியாக இருந்தும் சிவப்பு சேனல் மட்டும் நிரம்பி வழிந்துவிடுகிறது. சாதாரண ஹிஸ்டோகிராமில் (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடத்தில்) அது தெரியாது. மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து சிவப்புக் கோடு வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் -2/3 வைத்து மீண்டும் எடுங்கள். 'விவிட்' போன்ற பிக்சர் ஸ்டைல்கள் இதை மோசமாக்கும், நியூட்ரலுக்கு மாற்றிவிடுங்கள். ரா கோப்பில் (சென்சார் பதிவு செய்தபடியே சேமிக்கும் கோப்பில்) எடுத்தால் பின்னால் சரிசெய்ய இடம் இருக்கும்.

போனில் பூவைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள். எடுக்கும் முன் லென்ஸைத் துடைப்பது அற்பமாகத் தோன்றலாம். விரல் ரேகையின் எண்ணெய்ப் பசை ஒன்றே சாய்ந்த வெயிலில் படம் முழுவதையும் புகைமூட்டமாக்கப் போதும்.

பின்னொளிப் படம், படிப்படியாக

சூரியன் ஒரு முஷ்டியிலிருந்து இரண்டு முஷ்டி உயரத்துக்குள் இருக்கும்போது தொடங்குங்கள்.

இலை உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவே வரும்படி நில்லுங்கள். சூரியன் ஃபிரேமுக்கு வெளியே அல்லது ஒரு தண்டுக்குப் பின்னால் மறைந்திருக்கட்டும். கண்ணாடி வழியே நேராகப் பார்க்கும் வியூஃபைண்டரில் சூரியனைப் பார்க்கவே கூடாது, கண்ணுக்குக் கேடு.

அடுத்து இலைத் தேர்வு. இலை தன்மேல் விழும் ஒளியில் சிறு பங்கைத்தான் ஊடுருவ விடும். அதன்மேல் இன்னொரு இலை படிந்தால் அந்தச் சிறு பங்கிலும் சிறு பங்குதான் மிஞ்சும், அதாவது ஏறக்குறைய கறுப்பு. ஆகவே தனியாக விரிந்து நிற்கும் ஒற்றை இலையைத் தேடுங்கள். தளிர், வாழை இலை, ஃபெர்ன், பாப்பி இதழ், புல் கதிர் எல்லாம் அருமையாக ஒளிரும். தடித்த, மெழுகு பூசினாற்போன்ற இலைகள் ஒளிராது, விளிம்பு மட்டும் மின்னும்.

நின்ற இடத்திலிருந்து அரை அடி இடமோ வலமோ நகர்ந்து, இலைக்குப் பின்னால் இருட்டு வரும் கோணத்தைப் பிடியுங்கள். வானம் பின்னணியானால் எல்லாமே வெறும் நிழலுருவமாகிவிடும்.

ஸ்பாட் மீட்டரில் (ஒரு சிறு புள்ளியின் ஒளியை மட்டும் அளப்பதில்) இலையை அளந்து +1/3 அல்லது +2/3 கொடுங்கள். லென்ஸின்மேல் வெயில் நேராகப் படுகிறதா என்று முன்புறம் வந்து பாருங்கள். பட்டால் லென்ஸ் ஹூட் போடுங்கள். அதுவும் போதாவிட்டால் கையால் நிழல் கொடுங்கள், விரல் ஃபிரேமுக்குள் வராமல்.

இலை விளிம்பில் நட்சத்திரம் போலச் சூரியன் வெடித்துத் தெரிய வேண்டுமென்றால் எஃப்/16 வைத்து, சூரியனில் ஒரு கீற்று மட்டும் எட்டிப்பார்க்கும்படி நில்லுங்கள். எடுக்கும்போது திரையைப் பார்த்தே எடுங்கள். அப்பர்ச்சர் தகடுகள் இரட்டை எண்ணிக்கை என்றால் அத்தனை கதிர்கள், ஒற்றை எண்ணிக்கை என்றால் அதன் இரு மடங்கு: 8 தகட்டுக்கு 8 கதிர், 9 தகட்டுக்கு 18. அப்பர்ச்சர் மாறாத போன்களில் இந்த வித்தை பலிக்காது.

அகலக் காட்சி

தோட்டம் சின்னது என்று எல்லோரும் அல்ட்ராவைடுக்குப் போகிறார்கள். அதில் பின்னால் உள்ள செடிகள் சுருங்கிப்போய், முன்னால் வெறும் தரை பரந்து கிடக்கும். தோட்டம் பெரிதாகத் தெரியும், ஆனால் காலியாகத் தெரியும். ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சார்) கணக்கில் 35 முதல் 50 மி.மீ. லென்ஸ் இயல்பாக இருக்கும். செடிகள் நெருங்கி அடர்த்தியாகத் தெரிய வேண்டுமென்றால் பின்னால் தள்ளிப்போய் 70 முதல் 100 மி.மீ. பயன்படுத்துங்கள். போனில் 2எக்ஸ் லென்ஸ் இதற்கு உகந்தது.

நின்றபடி கண் உயரத்தில் எடுத்தால் செடிகளுக்கு இடையிலுள்ள மண் எல்லாம் தெரியும். கேமராவை 1 மீட்டர் உயரத்துக்கு இறக்கினால் முன்வரிசைச் செடி பின்வரிசையின் இடைவெளியை மறைத்துவிடும். கேமராவை மேலோ கீழோ சாய்க்காமல் மட்டமாக வையுங்கள், இல்லாவிட்டால் மதிலும் தூண்களும் சாய்ந்து விழுவது போல இருக்கும்.

செட்டிங்: டிரைபாட், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப்/8, 2 விநாடி டைமர். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 35 மி.மீ., எஃப்/8 என்றால் சுமார் 5 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 2.5 மீட்டர் முதல் கண்ணுக்கெட்டும் தூரம் வரை தெளிவாக இருக்கும். எஃப்/22 வரை போக வேண்டாம். மிகச் சிறிய துளையில் ஒளி விலகிப் பரவும்; இந்த டிஃப்ராக்‌ஷனால் எல்லாமே லேசாக மங்கும்.

மழை விட்டதும் போலரைசர் ஃபில்டர் போட்டுப் பாருங்கள். ஈர இலையின் வெள்ளைப் பளபளப்பு விலகி அடியிலிருக்கும் பச்சை வெளிப்படும். ஃபில்டரைச் சுழற்றிக்கொண்டே வியூஃபைண்டரைப் பார்த்தால் எந்த இடத்தில் பளபளப்பு மறைகிறது என்று தெரியும். சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டில் இருக்கும் வானத்தில் இதன் விளைவு அதிகம். முன்னொளியிலும் பின்னொளியிலும் வானம் அவ்வளவாக மாறாது. 1 முதல் 2 ஸ்டாப் ஒளியை விழுங்கும் என்பதால் காற்றடிக்கும்போது யோசித்துப் போடுங்கள்.

எடுக்கும் முன் ஃபிரேமின் நான்கு ஓரங்களையும் ஒருமுறை கண்ணால் சுற்றி வாருங்கள். ரப்பர் குழாய், வாளி, காய்ந்த இலை. அகற்ற அரை நிமிடம் ஆகும், கணினியில் அழிக்க அரை மணி ஆகும்.

நெருக்கப் படம்

இங்கே எதிரி காற்று, அடுத்தது தெளிவின் ஆழம். பூவை அதன் உண்மையான அளவிலேயே சென்சாரில் விழவைக்கும் 1:1 மேக்ரோவில், ஃபுல் ஃபிரேமில் எஃப்/11 வைத்தாலும் தெளிவாக வருவது சுமார் 1.3 மி.மீ. ஆழம் மட்டுமே. 1:4 அளவுக்குப் பின்வாங்கினால் அது 13 மி.மீ. ஆகிவிடும். அதனால் சற்றுத் தள்ளி நின்று எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது பல நேரம் புத்திசாலித்தனம். கேமராவின் பின்புறத் திரை இதழின் தளத்துக்கு இணையாக இருந்தால் கிடைக்கும் ஆழம் முழுவதும் இதழுக்கே பயன்படும்.

கையில் பிடித்து எடுப்பதென்றால் ஷட்டர் வேகம் 1/250 விநாடி, லேசாகக் காற்று இருந்தால் 1/500. வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை 800 வரை தயங்காமல் கூட்டுங்கள். சிறு புள்ளிகள் உள்ள படத்தைக் காப்பாற்றலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. தண்டுக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, ஃபிரேமுக்கு வெளியே மென்மையான கிளிப்பால் பிடித்துவைக்கலாம். சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரத்தில் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும்.

போனின் போர்ட்ரெய்ட் மோட் மெல்லிய தண்டுகளையும் இதழ் நுனிகளையும் பின்னணி என்று நினைத்து அழித்துவிடும். பூவுக்கு அதை அணைத்துவிட்டு, பின்னணி இயல்பாகவே தூரத்தில் இருக்கும் கோணத்தைத் தேடுவது மேல்.

அந்தியும் விளக்கும்

பொழுது இறங்கியதும் சிவப்புப் பூக்கள் கண்ணுக்குக் கறுத்துப்போகும். நீலமும் வெள்ளையும் எடுப்பாகத் தெரியும். மங்கிய ஒளியில் கண்ணின் உணர்திறன் நீலப் பச்சைப் பக்கம் நகர்வதுதான் காரணம். 1819-ல் இதைக் கவனித்துச் சொன்ன செக் அறிவியலாளர் புர்கின்யேவின் பெயராலேயே இது வழங்குகிறது. கேமராவுக்கு இந்த நகர்வு கிடையாது. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் ரோஜா நீண்ட எக்ஸ்போஷரில் சிவப்பாகவே வரும். அந்தியில் உட்கார்ந்து ரசிக்கத்தான் தோட்டம் என்றால் இருக்கைக்கு அருகே வெள்ளைப் பூக்களை நடுங்கள். படத்துக்காக அதைச் செய்யத் தேவையில்லை.

விளக்கு போட்ட தோட்டத்தை முழு இருட்டில் எடுத்தால் கறுப்பின் நடுவே மஞ்சள் பொட்டுகள்தான் மிஞ்சும். வானத்தில் நீலம் இருக்கும்போதே எடுக்க வேண்டும். நிலநடுக்கோட்டுப் பக்கம் இது சூரியன் மறைந்து ஏறக்குறைய 15 முதல் 30 நிமிடம் வரை. உயர்ந்த அட்சரேகைகளில் தொடக்கமும் தள்ளிப்போகும், நீளமும் கூடும். டிரைபாடை முன்பே நிறுத்தி, ஐஎஸ்ஓ 100, எஃப்/8 வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என எடுத்துக்கொண்டே இருங்கள். ஷட்டர் அரை விநாடியில் தொடங்கி 8 விநாடி வரை நீளும். விளக்கும் வானமும் சமமாகத் தெரியும் ஒன்றிரண்டு படம் அதில் இருக்கும். ஒயிட் பேலன்ஸை (ஒளியின் நிறத்தை ஈடுசெய்யும் அமைப்பை) 3500 கெல்வின் அளவில் வைத்தால் வானம் நீலமாகவும் விளக்கு இதமான மஞ்சளாகவும் வரும்.

விளக்கு அமைப்பதிலும் சில விஷயம் உண்டு. பல்பே கண்ணில் படக் கூடாது, வெளிச்சம் படும் இலை மட்டும் தெரிய வேண்டும். எல்லாம் ஒரே நிறமாக, 2700 கெல்வினாக இருக்கட்டும். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை என்று கலந்துவிட்டால் எந்த ஒயிட் பேலன்ஸும் இரண்டையும் திருப்தி செய்யாது. மரத்துக்குக் கீழிருந்து மேலே அடிக்கும் விளக்கை அடிமரத்திலிருந்து 30 முதல் 50 செ.மீ. தள்ளி, பார்ப்பவருக்குப் பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் பட்டையின் மேடுபள்ளம் தெரியாது. எல்லா மூலைக்கும் வெளிச்சம் போடாமல் பாதி இடத்தை இருட்டாகவே விடுங்கள். வேலை முடிந்ததும் அணைத்துவிடுவது பூச்சிகளுக்கும் நல்லது.

நிறமும் திருத்தமும்

மாலை வெயிலில் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் நீங்கள் காத்திருந்து பிடித்த மஞ்சளைக் கேமரா பிழை என்று எண்ணி நீக்கிவிடும். டேலைட்டில் நிறுத்துங்கள். அடர் மரநிழலில் வேறு சிக்கல்: இலை வழியே வடிந்த ஒளி பச்சையாக இருப்பதால் வெள்ளைப் பூவும் மனிதர்களின் முகமும் பச்சையடிக்கும். வெப்பநிலை ஸ்லைடரால் இது தீராது. டிண்ட் (பச்சை-மெஜந்தா) ஸ்லைடரை மெஜந்தா பக்கம் மெல்ல நகர்த்த வேண்டும்.

திருத்தும்போது முதலில் ஒயிட் பேலன்ஸ், பிறகு எக்ஸ்போஷர், அதன்பின் ஹைலைட் குறைப்பு, கடைசியில் நிழல் திறப்பு. நிழலை அதிகம் திறந்தால் பக்கவெளிச்சம் தந்த ஆழம் போய்விடும். போனின் எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிழலையும் சமப்படுத்தும் வசதி) செய்யும் கெடுதலும் அதுவே. பச்சையைக் கூட்ட மொத்த சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) ஏற்றாதீர்கள், புல் பிளாஸ்டிக் விரிப்பாகிவிடும். மஞ்சளையும் பச்சையையும் தனியே எடுத்து, சாச்சுரேஷனைச் சற்றுக் குறைத்து, மஞ்சளின் சாயலைத் துளி பச்சைப் பக்கம் தள்ளினால் இலை இயல்பாகத் தெரியும்.

வருடம் முழுக்க ஒரே காட்சி

பருவம் மாறுவதைப் பதிய விரும்பினால் டிரைபாடின் மூன்று கால்களுக்கும் தரையில் மூன்று முளை அடியுங்கள். கேமரா உயரத்தையும் ஃபோக்கல் லெங்த்தையும் குறித்துவைத்து மாற்றாமல் இருங்கள். நேரத்தைக் கடிகாரத்தால் தீர்மானிக்காமல் சூரிய உதயத்திலிருந்து கணக்கிடுங்கள், உதாரணமாக உதித்து ஒரு மணி நேரம் கழித்து. முதல் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு, மதிலின் மூலை, வாசல்படி என அசையாத இரண்டு புள்ளிகள் ஃபிரேமில் அதே இடத்தில் விழுகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுச் சரிசெய்த பிறகே ஷட்டரை அழுத்துங்கள். அசையாத புள்ளியாகக் கிளையையோ தொட்டியையோ எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளை வளரும், தொட்டியை யாராவது நகர்த்திவிடுவார்கள்.